சஹனில் குறையாத என் பக்கம்

கடந்த வருடம் ஹஜ் பெருநாள் கழிந்து மூன்றாவது கிழமை. அக்குறணையைத் தாண்டி மாத்தளைப் பக்கம் போகும் வீதியில் ஒரு கலியாண மண்டபம். பகல் ஒன்றரை மணி. ஐந்து பேரோடு சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டு ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து, நான் சாப்பிடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுத இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் கூச்சம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. படிப்பும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரைதான். ஆனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் என் உயிர் போகப் பார்த்தது. அதனால் எழுதத்தான் போகிறேன். வாசித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். ஏணியில் ஏறிப் பெயின்ட் டின் இறக்குவது, பைப் வெட்டிக் கொடுப்பது, ஆணி நிறுப்பது எல்லாம் நான்தான். கடை வாசலில் ஆணியும் கம்பியும் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று இருக்கிறது. காலையில் கடை திறந்ததும், யாரும் வருவதற்கு முன் அதில் ஏறி என் எடையைப் பார்ப்பேன். தொண்ணூற்றெட்டுக் கிலோ. எனக்கு உயரமும் குறைவு. ஒரு நாள், கடை லொறி ஓட்டுகிற, மஹய்யாவை ஊரைச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்துவிட்டார். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"அட நானா! ரெண்டு மூட்ட சீமெந்துக்கு ரெண்டு கிலோதான் கொறவு. எறங்குங்க, தராசு பாவம்."

அன்றிலிருந்து கடையில் எனக்கு 'ரெண்டு மூட்டை' என்று பெயர். சாமான் வாங்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கூச்சக்காரனுக்கு வேறு என்ன வழி?

பகிடி எனக்குப் பெரிதில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. எனக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வாப்பாவுக்கும் அதுதான். முதலில் பெருவிரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று அவருடைய வலது காலைத் துண்டு துண்டாக எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கண்டியில் மாதாமாதம் போகிற கிளினிக்கில், எடை குறையாவிட்டால் அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது மெலிய வேண்டும். மௌத்தாகிக் குழிக்குள் போகும்போதும் எனக்கு இரண்டு கால்கள் இருக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் பெயின்ட் வாங்கக் கடைக்கு வந்தான். ஆள் மெலிந்து, இறுக்கமான டீ-ஷேர்ட்டோடு இருந்தான். மெலிய ஆசைப்படுகிறவர்களைச் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழு நடத்துகிறானாம். எல்லோரும் அவனைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"மச்சான், ரெண்டே மாசம். ஒன்ன ஒன்ட வீட்டாக்களுக்கே அடையாளம் தெரியாது" என்றான்.

முறை சுலபம். காலை, பகல், இரவு மூன்று வேளையும் ஒரு சிறு பாக்கெட் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பசித்தால் வெள்ளரிக்காய். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. ஒரு நாளைக்கு அறுநூறு கலோரி என்றான். கலோரி என்றால் என்ன என்றே எனக்கு அப்போது தெரியாது. ஏணி ஏறி இறங்குகிற என்னைப் போன்ற ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட அது வராது என்று பிறகுதான் விளங்கியது.

"தாங்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"முப்பது நோன்பும் புடிக்கிற மனிசன் நீ. ஒனக்கு இதெல்லாம் ஒரு பசியா?"

அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். சீனி மாத்திரை போடுகிறேனே என்றும் கேட்டேன். "அதயும் போடு. ரெண்டும் சேந்தா இன்னும் கெதியா எறங்கும். டொக்டர்மார்ட்ட மட்டும் கேக்கப் போகாத, அவங்க விட மாட்டாங்க" என்றான்.

இங்கேதான் என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முந்திய மாதம் நான் கிளினிக்குக்குப் போய், நோன்பு வருகிறது, மாத்திரையை எப்படிப் போடுவது என்று கேட்பேன். டொக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்து, நேரத்தை மாற்றி எழுதித் தருவார். எங்கள் ஊரில் சீனி உள்ள எல்லோரும் செய்கிற காரியம் இது. சாப்பாடு மாறினால் மாத்திரையும் மாற வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு மாத நோன்புக்குக் கேட்கத் தெரிந்தவன், முடிவு நாளே இல்லாத ஒரு நோன்பைத் தொடங்கும்போது கேட்கவில்லை. ஏன் என்றால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். என் கால் மேல் எனக்கிருந்த பயம் என் கண்ணை மறைத்துவிட்டது. இடையில் வந்த கிளினிக் நாளுக்கும் போகாமல், மாத்திரையைப் பாமசியில் வாங்கிப் போட்டேன்.

எடை குறையவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது. முதல் கிழமையே நாலு கிலோ. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். ஏழு கிழமையில் பதின்மூன்று கிலோ.

"நானா, ஒன்னே முக்கா மூட்டைக்கும் கீழ வந்துட்டீங்க!" என்று லொறித் தம்பி கை கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. பின்னேரமானால் குளிரில் பல் அடித்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஏணியின் நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குவேன். வீட்டில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். பதினொரு மணியானால் கை நடுங்கும், சட்டை வேர்வையில் நனையும். குழுவில் கேட்டால், அது கொழுப்புக் கரைகிற அடையாளம் என்று கோச் பதில் போடுவான். அதற்குக் கீழே முப்பது பேர் கைதட்டுகிற படம் போடுவார்கள்.

வீட்டில் மனைவி மட்டும் விடவில்லை. "ஒங்களுக்கு ஆக்கிற சோத்த பூனதான் தின்னுது. ஒங்கட ஒடம்புல கொறயிற கிலோ எல்லாம் அதுக்குத்தான் ஏறுது, பாருங்க" என்பாள். பூனை உண்மையிலேயே கொழுத்துத்தான் போயிருந்தது. அவளுக்குக்கூட, டொக்டர்தான் இப்படிக் குடிக்கச் சொன்னார் என்று பொய் சொல்லியிருந்தேன்.

ஹஜ் பெருநாள் முடிந்ததும் கலியாணங்கள் தொடங்கின. எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறும், நடுவில் பொரித்த கோழியும், சுற்றி இறைச்சியும் கறிகளும் வைத்து மூடிக் கொண்டு வருவார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தெரியாதவராகவே இருந்தாலும், நல்ல துண்டை அவர் பக்கம் தள்ளி வைப்பது மரியாதை. ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. அதுவும் மரியாதை.

அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்தேன். கோழித் துண்டு என் பக்கம் வந்தால், "நீங்க தின்னுங்க" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவேன். இறைச்சியை எதிரில் இருப்பவருக்குத் தள்ளுவேன். மூன்று விரலால் சோற்றைக் கிளறி, நாலு பருக்கையை எடுத்து வாயில் வைத்து, நிறைய மெல்லுவேன். இப்படி மூன்று கலியாணம் ஓட்டினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதது மட்டுமில்லை, "என்ன தங்கமான மனிசன், தான் தின்னாம மத்தாக்களுக்குக் குடுக்கிறார்" என்று பெயர் வேறு கிடைத்தது. அதற்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

நாலாவது கலியாணம்தான் நான் சொல்ல வந்தது. காலையில் மாத்திரை போட்டுவிட்டேன். மண்டபத்தில் போய்ப் பவுடர் கலக்க முடியுமா? அதனால் பகல் பவுடரையும் விட்டுவிட்டேன். பஸ்ஸில் இருந்து இறங்கி மண்டபத்துக்கு ஏற்றத்தில் நடக்கும்போதே கால் பஞ்சு மாதிரி இருந்தது. சஹனில் உட்கார்ந்ததும் வேர்க்கத் தொடங்கியது. கோழியைப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினேன். அவர் என் வயதுக்காரர், மாத்தளையில் மரக்கறி ஏவாரம் செய்பவராம். அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். அவர் அந்தத் துண்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நான் மறுபடி தள்ளினேன்.

"நானா, என்ன இது? கோழி பஸ் மாதிரி போய் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் சரியாக வரவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திச் சஹனைப் பார்த்தார். ஐந்து பேர் முன்னாலும் சோறு குழி விழுந்து தட்டின் அடி தெரிந்தது. என் முன்னால் மட்டும் வைத்தது வைத்தபடி சோறு மேடாக நின்றது. மூன்று கலியாணத்தில் ஒருவரும் பார்க்காததை அவர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நானா, ஒங்களுக்கு சீனி ஈக்கா?"

பதில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வார்த்தை வரவில்லை. அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவர் பரிமாறுகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "வட்டலாப்பம் ஒன்டு கொண்டு வாங்க! கெதியா!"

"அது கடைசிலதானே வார, நானா" என்றது ஒரு குரல்.

"இப்ப வராட்டி இவருக்குக் கடைசிதான்! கொண்டு வாங்க!"

பக்கத்துச் சஹனில் இருந்து யாரோ சோடாவை நீட்டினார்கள். அவர் என் பிடரியைப் பிடித்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். வட்டலாப்பம் என்கிற அந்தக் கருப்பட்டி இனிப்பு வந்ததும், கரண்டி தேடவில்லை. தன் கையாலேயே எடுத்து, என் வாயில் வைத்தார். ஐம்பது வயதை நெருங்குகிற நான், ஊர்ச் சனம் எல்லாம் பார்த்திருக்க, பெயர் தெரியாத ஒருவர் கையால் குழந்தை மாதிரி ஊட்டப்பட்டேன்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. முதலில் வந்தது வெட்கம்தான். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். மற்ற நாலு பேரும் எழும்பவே இல்லை. அவர்கள் சாப்பிட்டு முடித்து எவ்வளவோ நேரம். விரல்களில் சோறு காய்ந்து போயிருந்தது. கை கழுவத் தண்ணீர்க் கெண்டியோடு வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், சஹனை எடுக்க வேண்டும் என்று வந்தவரிடம் மரக்கறிக்காரர், "இவர் இன்னும் தின்னல்ல. நாங்க எழும்ப மாட்டோம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "ஏன்ட பொஞ்சாதிக்கும் சீனிதான் நானா. இந்த வேர்வைய எனக்குத் தெரியும். பசில சீனி எறங்கிப்போய் வார வேர்வ இது. தின்னுங்க" என்றார்.

ஏழு கிழமைக்குப் பிறகு நான் சோறு தின்றேன். ஐந்து பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் கலங்கியது. மிளகாய் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அன்றே கண்டிக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். அடுத்த கிளினிக்கில், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தபடி இருந்தேன்.

"நான் உங்களுக்கு என்ன மாத்திரை தந்திருக்கிறன் எண்டு உங்கட கோச்சுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது. அவன் கேட்கவே இல்லை.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். குறைந்த கலோரியில் எடை குறைக்கிற முறை பொய்யில்லையாம். சில நோயாளிகளுக்கு டொக்டர்மாரே அதைக் கொடுப்பதுண்டாம். ஆனால் முதலில் இரத்தம் சோதிப்பார்கள், மாத்திரையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பழையபடி சாப்பாட்டுக்குத் திரும்புவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். நான் போடுகிற மாத்திரையில் ஒன்று, சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, சீனியை இறக்கிக்கொண்டே இருக்குமாம். கை நடுங்கிய ஒவ்வொரு நாளும் நான் விளிம்பில் நின்றிருக்கிறேன். கொழுப்புக் கரைகிறது என்று முப்பது பேர் கைதட்டியது அதற்குத்தான்.

கோச்சிடம் சொன்னேன். அவன் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "பவுடர்ல ஒரு பிழையும் இல்ல மச்சான். ஒனக்கு மனவுறுதி இல்ல. கலியாண வீட்டுக்கு ஏன் போன?" அன்றைக்கே குழுவில் என் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'ஏழு கிழமையில் பதின்மூன்று கிலோ' என்று எழுதியிருந்தான்.

இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கடைக்குப் பின்னால், பைப் அடுக்கியிருக்கிற இடத்தில் போய் நின்று, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். நாலு தடவை பேசி நாலு தடவையும் அழித்தேன். ஐந்தாவது தடவை, குரல் நடுங்கினாலும் பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன்.

"நான்தான் அந்தப் படத்துல ஈக்கிற ஆள். பதிமூனு கிலோ எறங்கினது உண்ம. நான் மௌத்தாகப் பாத்ததும் உண்ம. ஏழு கிழம பசியோட ஏணி ஏறின எனக்கு மனவுறுதி பத்தி யாரும் படிச்சித் தர வாணாம். நோன்புக்கு மஃரிப் ஈக்கி, பொழுது பட்டா தின்னலாம். இதுக்கு மஃரிப் இல்ல. சீனி மாத்திர போடுற ஆக்கள் இதுல ஈந்தா, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்க. ஏன்ட படத்த எடுங்க."

பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். படத்தை எடுத்தார்களா என்று தெரியாது. ஆனால் அன்று பின்னேரத்துக்குள் மூன்று பேர் தனியாக எனக்குச் செய்தி அனுப்பினார்கள். மூன்று பேரும் மாத்திரை போடுகிறவர்கள். மூன்று பேருக்கும் கை நடுங்கியிருக்கிறது. அவர்களில் ஒருவரை நானே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சும்மா இருந்திருந்தால் அவரும் போயிருக்க மாட்டார்.

குறைந்த பதின்மூன்று கிலோவில் ஏழு மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. டொக்டர் சொன்னபடியே நடந்தது. அவர் எழுதித் தந்தபடி இப்போது சாப்பிடுகிறேன். சோறு குறைவு, மரக்கறி கூட, சீனியில்லாத பிளேன்டீ, பின்னேரம் நடை. மாதத்துக்கு அரைக் கிலோ இறங்கும், சில மாதம் அதுவும் இல்லை. இன்று காலை ஆணித் தராசில் எண்பத்தெட்டு. "ஒன்னே முக்கா மூட்டைக்கு அரைக் கிலோ கூட" என்று லொறித் தம்பி கணக்குச் சொன்னார். சொல்லட்டும். ஊசி வேண்டும் என்று டொக்டர் சொல்லும் நாளில் ஊசியும் போட்டுக்கொள்வேன். பூனைக்குத்தான் கவலை, அது மெலிந்துவிட்டது.

போன மாதம் இன்னொரு கலியாணம். தெரியாத ஐந்து பேர். சஹனின் மூடியைத் திறந்ததும், முதல் வேலையாகச் சொன்னேன். "எனக்கு சீனி ஈக்கி. நான் கொஞ்சமாத்தான் தின்பேன், ஆனா தின்பேன். மிச்சத்த நீங்க பங்கு வெச்சிக்கோங்க."

ஒருவர் சிரித்தார். சிரித்தவரே, "அப்ப எனக்கும் அதுதான், நானும் கொஞ்சம்" என்று தன் சோற்றில் பாதியை எதிரில் இருந்தவர் பக்கம் தள்ளினார். கோழியில் எனக்கு வந்த துண்டை நான் யாருக்கும் தள்ளவில்லை. சஹனை எடுக்கும்போது என் முன்னாலும் தட்டின் அடி தெரிந்தது. தராசில் எந்த எண் வந்தாலும் சரி, என் இரண்டு காலையும் காப்பாற்ற நான் படுகிற பாட்டை இனி ஒருவருக்கும் ஒளித்துச் செய்யப் போவதில்லை.